கிடியன் சண்ட்பேக்

கிடியன் சண்ட்பேக் (ஏப்ரல் 24, 1880 – ஜூன் 21, 1954) சுவீடனில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய பொறியியலாளர் ஆவார். ஆடைகளிலும் பைகளிலும் காலணிகளிலும் பயன்படும் ஜிப் என்னும் பிணைப்பானுக்கு அதன் இன்றைய வடிவத்தை அளித்தவர் இவரே. அதன் உலோகப் பற்களை வெட்டி, அழுத்தி, துணி நாடாவில் பொருத்தும் இயந்திரங்களையும் இவரே வடிவமைத்தார்.

ஜிப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்குப் பல நூல்கள் விட்கோம் ஜட்சன் என்ற அமெரிக்கரின் பெயரைக் கூறுகின்றன. நழுவும் பகுதி ஒன்றை இழுத்து இரு ஓரங்களைப் பிணைக்கும் எண்ணத்தைச் சந்தைக்குக் கொண்டுவர முயன்றவர் ஜட்சன் என்பது உண்மையே. ஆனால் அவருடைய கருவி கொக்கிகளால் ஆனது. இன்றைய ஜிப்பில் கொக்கி எதுவும் இல்லை. ஒரே மாதிரியான பற்கள் ஒன்றன் குழியில் மற்றொன்று அமரும் முறையை நடைமுறைக்குக் கொணர்ந்து, அதை ஆயிரக்கணக்கான அடி நீளத்தில் மலிவாகச் செய்யவும் முடியும் என்று காட்டியவர் சண்ட்பேக். இரண்டாவது செயலே முதலாவதைவிடக் கடினமானது என்பதை அவரது வாழ்க்கை வரலாறு காட்டுகிறது.

இளமையும் கல்வியும்

இவரது முழுப்பெயர் ஓட்டோ பிரெட்ரிக் கிடியன் சண்ட்பேக். தெற்குச் சுவீடனின் சுமாலாந்து பகுதியில், யோன்சோப்பிங் மாவட்டத்தைச் சேர்ந்த ஓடெஸ்டுகு என்ற ஊரில், சோனார்ப் என்னும் பண்ணையில் பிறந்தார். இவரது தந்தை வசதி படைத்த விவசாயி. கல்லும் காடும் நிறைந்த சுமாலாந்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருந்தொகையான மக்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் நிலம் தேடிச் சென்றவர்கள். சண்ட்பேக் சென்றதோ பொறியியல் கல்வியுடன்.

சுவீடனில் பள்ளிக் கல்வியை முடித்த பின் ஜெர்மனிக்குச் சென்று, ரைன் ஆற்றங்கரையிலுள்ள பிங்கன் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றார். 1903ஆம் ஆண்டு பொறியியலாளர் தேர்வில் தேறினார். 1905இல் ஐக்கிய அமெரிக்காவில் குடியேறி, பிட்ஸ்பர்க் நகரில் வெஸ்டிங்ஹவுஸ் மின் நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் பெரிய மின்னாக்கிகளையும் மின்மாற்றிகளையும் உருவாக்குவதில் முன்னணியில் இருந்த நிறுவனம் அது. ஓர் இளம் பொறியியலாளர் அங்கிருந்து விலகி, பெண்களின் பாவாடைகளுக்குக் கொக்கி செய்யும் சிறு நிறுவனத்துக்கு மாறியது அக்காலத்தில் பலருக்கு வியப்பளித்திருக்கக் கூடும். 1906இல் சண்ட்பேக் அவ்வாறே மாறினார்.

ஜட்சனின் கொக்கிகள்

சண்ட்பேக் ஏற்ற பணியின் தன்மையை அறிய, அதற்கு முன் நடந்தவற்றைச் சற்றுக் காண வேண்டும். தையல் இயந்திர வரலாற்றில் புகழ்பெற்ற எலியாஸ் ஹோ 1851ஆம் ஆண்டிலேயே ஆடையைத் தொடர்ச்சியாக மூடும் பிணைப்பான் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அதை அவர் தொழிலாக வளர்க்கவில்லை. பின்னர் சிகாகோவைச் சேர்ந்த ஜட்சன், காலணிகளின் கயிற்றுக்கு மாற்றாக, கொக்கிகளின் வரிசையை ஒரு நழுவும் வழிகாட்டியால் மூடித் திறக்கும் கருவியை உருவாக்கினார். 1893ஆம் ஆண்டு அதற்கு இரண்டு காப்புரிமைகள் பெற்றார். அதே ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியிலும் அது வைக்கப்பட்டது. கண்டவர் பலர், வாங்கியவர் மிகச் சிலர்.

ஜட்சனின் கருவியை நம்பி யுனிவர்சல் பாஸ்னர் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அதில் ஈடுபட்டவர்களில் பென்சில்வேனியா மாநிலத்தின் மீட்வில் நகரைச் சேர்ந்த வழக்கறிஞர் லூயிஸ் வாக்கர் முக்கியமானவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இலாபம் காணாத ஒரு முயற்சியை அவர் கைவிடாமல் தாங்கினார். நிறுவனம் ஊரும் பெயரும் மாறி மாறி, இறுதியில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோகன் நகரில் ஆட்டோமேட்டிக் ஹூக் அண்டு ஐ என்ற பெயருடன் நிலைகொண்டது.

இருவகைச் சிக்கல்கள் அதைத் தொடர்ந்து வந்தன. முதலாவது, கருவி நம்பகமானதாக இல்லை. ஜட்சன் 1905ஆம் ஆண்டளவில் வடிவமைத்த சி-கியூரிட்டி என்ற பாவாடைப் பிணைப்பானில் ஒரு பக்கம் கொக்கிகளும் மறுபக்கம் அவை மாட்டும் கண்களும் துணி நாடாவின் ஓரத்தில் பொருத்தப்பட்டிருந்தன. துணி நேராக இழுபட்டிருக்கும் வரை கொக்கி பிடித்துக்கொள்ளும். அணிந்தவர் குனிந்தாலோ உட்கார்ந்தாலோ துணி வளையும், கொக்கி கண்ணிலிருந்து நழுவும். ஒரு கொக்கி நழுவினால் அடுத்தடுத்தவையும் விடுபடும். பொது இடத்தில் பாவாடை திறந்துகொள்ளும் வாய்ப்புள்ள பொருளை ஒரு முறைக்கு மேல் எவரும் வாங்கமாட்டார்கள். இரண்டாவது, அதைச் செய்வதற்கு ஏற்ற இயந்திரம் இல்லை. ஜட்சன் வகுத்த உற்பத்தி இயந்திரம் மிகவும் சிக்கலானதாக இருந்ததால் பயன்படவில்லை. ஜட்சன் 1909ஆம் ஆண்டு இறுதியில் காலமானார்.

ஹோபோகனில்

ஹோபோகன் ஆலையின் மேலாளர் பீட்டர் ஆரன்சன் என்பவர். 1909இல் சண்ட்பேக் இவருடைய மகள் எல்விராவை மணந்தார். இதற்குள் அவர் சி-கியூரிட்டியின் குறைகளைப் போக்க முயன்று பிளாக்கோ என்ற திருத்திய வடிவத்தை உருவாக்கியிருந்தார். இது முன்னதைவிட மேலானது. எனினும் கொக்கியும் கண்ணும் என்ற அடிப்படை மாறாததால், வளைந்தால் திறந்துகொள்ளும் இயல்பு அதற்கும் இருந்தது. நிறுவனத்தின் கடன்கள் பெருகின.

1911ஆம் ஆண்டு எல்விரா இறந்தார். சண்ட்பேக்குக்கு அப்போது 31 வயது. மனைவியின் மறைவுக்குப் பின் அவர் வேறெதிலும் நாட்டமின்றி வரைபலகையிலேயே பொழுதைக் கழித்தார் என்று அவரைப் பற்றி எழுதியோர் ஒருமித்துக் கூறுகின்றனர். துயரம்தான் கண்டுபிடிப்புக்குக் காரணம் என்று எளிமைப்படுத்துவது பொருந்தாது. பிளாக்கோவின் தோல்வி அவர் முன் முன்பிருந்தே நின்றது. ஆயினும் இதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில்தான் அவர் கொக்கியை அடியோடு கைவிட்டார்.

கொக்கியில்லாப் பிணைப்பான்

சண்ட்பேக்கின் முதல் புதிய வடிவம் ஹூக்லெஸ் எண் 1 எனப்படுகிறது. ஹூக்லெஸ் என்பதன் பொருள் கொக்கியற்றது என்பதாகும். இதில் ஒரு பக்கத்து நாடாவில் உலோகமே இல்லை. அதன் ஓரம் கயிறு போலத் தடித்திருந்தது. மறுபக்கத்திலிருந்த சிறு உலோகத் தாடைகள், நழுவும் பகுதி கடந்து செல்லும்போது அந்தத் தடித்த ஓரத்தைக் கவ்விக்கொண்டன. இது வளைந்தாலும் திறக்கவில்லை. ஆனால் உலோகம் துணியைக் கவ்விக் கவ்வி, சில நாள் பயன்பாட்டிலேயே துணி தேய்ந்து போயிற்று. இந்த வகைக்கான காப்புரிமை ஏப்ரல் 29, 1913 அன்று வழங்கப்பட்டது. அமெரிக்காவில் இன்றும் சிலர் அந்நாளை ஜிப் நாளாகக் குறிப்பிடுவதுண்டு. உண்மையில் அன்று காப்புரிமை பெற்றது, விற்பனைக்கு உதவாத வடிவமே.

1913ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டாவது வடிவம் உருவானது. ஹூக்லெஸ் எண் 2 எனப்பட்ட இதுவே இன்றைய ஜிப். இரு நாடாக்களின் ஓரங்களிலும் ஒரே வடிவப் பற்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு பல்லின் ஒரு முகத்தில் சிறு மேடும், மறுமுகத்தில் அதே அளவு குழியும் இருக்கும். அடுக்கி வைத்த கரண்டிகள் போல ஒரு பல்லின் மேடு அடுத்த பல்லின் குழிக்குள் அமரும். பழைய வடிவங்களில் அங்குலத்துக்கு நான்கு கொக்கிகள் இருந்த இடத்தில் பத்து அல்லது பதினொரு பற்களை அவர் அமைத்தார்.

இதன் இயக்கம் எளிமையானதாகத் தோன்றினாலும் நுட்பமானது. இரு பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளி, எதிர்ப்பக்கத்துப் பல்லின் தலை நுழையப் போதாதது. நாடா நேராக இருக்கையில் எந்தப் பல்லும் உள்ளே செல்ல முடியாது. உள்ளே இருப்பது வெளியேறவும் முடியாது. தையற்காரர்கள் ரன்னர் என்றழைக்கும் நழுவும் பகுதி, தன் உட்பாதையில் நாடாவைச் சற்றே வளைக்கிறது. வளைந்த இடத்தில், விசிறியை விரித்தாற்போல, பற்களின் முனைகள் விலகுகின்றன. அந்தக் கணத்தில் எதிர்ப்பல் நுழைகிறது. ரன்னர் கடந்ததும் நாடா நேராகிறது, வாசல் மூடிக்கொள்கிறது. திறக்கும்போது ரன்னரின் நடுவிலுள்ள ஆப்பு இரு வரிசைகளையும் அதே வளைவில் பிரிக்கிறது. ஆகவே ரன்னர் வெறும் வழிகாட்டி மட்டுமே, பிடிப்பது பற்களே. ரன்னரை நீக்கிவிட்டாலும் பூட்டிய பகுதி பூட்டியே இருக்கும்.

இவ்வடிவத்துக்கு விண்ணப்பிக்கப்பட்ட காப்புரிமை மார்ச் 20, 1917 அன்று வழங்கப்பட்டது. இதை ஒத்த எண்ணம் அவருக்கு மட்டும் தோன்றியதன்று. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரைச் சேர்ந்த கேத்தரினா குன்-மூஸ் என்பவர் ஒருவருக்குள் ஒருவர் அமரும் பற்களைக் கொண்ட பிணைப்பானுக்கு 1911ஆம் ஆண்டளவிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அது தொழிற்சாலை உற்பத்தியாக வளரவில்லை. வரைபடத்தில் ஒத்திருந்த இரண்டில் ஒன்று மறக்கப்பட்டு மற்றது உலகெங்கும் பரவியதற்கான காரணத்தை அடுத்த பகுதியில் காணலாம்.

பற்கள் செய்யும் இயந்திரம்

ஒரு பல்லை மட்டும் செய்வது எவருக்கும் இயலும். இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள ஜிப்பில், அங்குலத்துக்குப் பத்து என்ற கணக்கில், பக்கத்துக்கு ஏறக்குறைய 80 பற்கள், மொத்தம் 160 பற்கள் தேவை. அவை அனைத்தும் ஒன்றுபோல் இருப்பதோடு நாடாவில் சம இடைவெளியிலும் அமைய வேண்டும். இங்கு பிழை சேர்ந்துகொண்டே போகும் என்பதைக் கவனிக்க வேண்டும். இரு பற்களுக்கு இடையிலான தொலைவு சுமார் 2.5 மில்லிமீட்டர். ஒரு பக்கத்தில் ஒவ்வொரு பல்லும் 0.02 மில்லிமீட்டர் தள்ளி அமைந்தால், எண்பதாவது பல்லை அடையும்போது மொத்த விலகல் 1.6 மில்லிமீட்டராகிவிடும். அது ஒரு பல் இடைவெளியில் பாதிக்கும் மேல். எதிர்ப்பக்கம் அவ்வாறு தள்ளாமல் இருந்தால் பற்கள் ஒன்றையொன்று சந்திக்காது, நாடா சுருங்கிப் புடைக்கும். கையால் வெட்டி, கையால் பொருத்தி இந்தத் துல்லியத்தை விலைக்கு விற்கும் பொருளில் எட்ட முடியாது.

ஆகவே சண்ட்பேக் பல்லை வடிவமைத்த காலத்திலேயே அதைச் செய்யும் இயந்திரத்தையும் வடிவமைக்கத் தொடங்கினார். உலோகத் தகட்டைப் பிரஸ் இயந்திரத்தில் செலுத்தி, டை எனப்படும் அச்சுக்கும் பஞ்ச் எனப்படும் குத்துமுனைக்கும் இடையில் வெட்டி வடிவமைக்கும் முறை அப்போது நன்கு அறியப்பட்டிருந்தது. பொத்தான்களும் ஆடைக் கொக்கிகளும் நெடுங்காலமாக அவ்வாறே செய்யப்பட்டன. சண்ட்பேக்கின் பல்லும் இம்முறைக்குப் பொருந்தும்படியே அமைந்துள்ளது. பல்லின் மேடும் குழியும் இரு வேறு வேலைகளால் உண்டாவதில்லை. பஞ்ச் ஒரு முறை அழுத்தும்போது ஒரு முகத்தில் உலோகம் உள்ளே தள்ளப்படுகிறது, மறுமுகத்தில் அதுவே மேடாக எழுகிறது. ஓர் அடியில் பூட்டும் சாவியும் சேர்ந்து பிறக்கின்றன. இரு பக்கப் பற்களும் ஒரே வடிவம் என்பதால் கொக்கிக்கு ஒரு டை, கண்ணுக்கு வேறொரு டை என்ற தேவையும் ஒழிந்தது.

பல்லின் பின்பகுதியில் இரு கால்கள் உண்டு. நாடாவின் தடித்த ஓரத்தை அவற்றுக்கிடையே வைத்து இருபுறமும் நெருக்கினால் பல் நாடாவில் இறுகிக்கொள்ளும். தையலோ ஒட்டுப்பொருளோ வேண்டியதில்லை. ஆகவே வெட்டுதல், மேடு எழுப்புதல், நாடாவில் இறுக்குதல் ஆகியவற்றை ஒரே இயந்திரம் அடுத்தடுத்துச் செய்ய முடிந்தது. பல் அச்சிலிருந்து விடுபட்டுக் கலந்து போகும் முன்னரே அதன் இடத்தில் பொருத்தப்பட்டுவிடும். இடைவெளியை அளப்பவர் தொழிலாளி அல்லர். ஒவ்வோர் அடிக்கும் நாடாவை ஒரே அளவு நகர்த்தும் இயந்திரமே அளக்கிறது. சண்ட்பேக்கின் இயந்திரங்கள் முதல் ஆண்டிலேயே நாளொன்றுக்குச் சில நூறு அடி நீளம் செய்தன. 300 அடி என்று வைத்துக்கொண்டால் அது 72,000 பற்கள். பத்து மணி நேர வேலைநாளில் நொடிக்கு இரண்டு.

ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. தட்டையான தகட்டிலிருந்து இரு கால்கள் கொண்ட வடிவத்தை வெட்டி எடுத்தால், வெட்டிய இடங்களைச் சுற்றி ஏராளமான உலோகம் கழிவாக மிஞ்சும். தேய்த்த மாவிலிருந்து மூடியால் வட்டங்களை வெட்டி எடுத்தபின் எஞ்சும் மாவைப் போன்றது இது. மாவை மீண்டும் பிசைந்து தேய்க்கலாம்; உலோகக் கழிவை உலைக்குத்தான் அனுப்ப வேண்டும். சில காசுகளுக்கு விற்கும் பொருளில் இக்கழிவின் விலை, பொத்தானுக்கும் ஜிப்புக்கும் இடையிலான போட்டியைத் தீர்மானிக்கக் கூடியதாக இருந்தது.

இதற்குச் சண்ட்பேக் கண்ட தீர்வே அவரது பொறியியல் பணிகளில் தலைசிறந்தது எனலாம். தகட்டுக்குப் பதிலாகக் கம்பியை எடுத்துக்கொண்டார். அது உருண்டைக் கம்பியன்று. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்தான ஒய் போன்ற முகம் தெரியும்படி முன்னரே உருவாக்கப்பட்ட கம்பி. வெண்டைக்காயை நறுக்கினால் ஒவ்வொரு துண்டிலும் அதே ஐங்கோண முகம் தெரிவதுபோல, இக்கம்பியை மெல்லிய துண்டுகளாகச் சீவினால் ஒவ்வொரு துண்டும் இரு கால்களுடன் கூடிய பல்லாகிவிடுகிறது. சுற்றிலும் வெட்டி எறிய எதுவும் இல்லை. சீவிய துண்டில் பஞ்ச் மேட்டையும் குழியையும் பதிக்கும். அடுத்து அதன் கால்கள் நாடா ஓரத்தில் நெருக்கப்படும். எஸ்-எல் என்ற பெயருடைய இவ்வியந்திரம் தொடர்ச்சியான ஜிப் சங்கிலியாகப் பொருளை வெளியிட்டது. உலோக ஜிப் தயாரிப்பில் ஒய் வடிவக் கம்பியைச் சீவும் முறை இன்றும் வழக்கில் உள்ளது. நல்ல ஜீன்ஸ் காற்சட்டையின் பற்களைப் பூதக்கண்ணாடியில் நோக்கினால் இரு கால்கள் நாடாவைப் பற்றியிருப்பதைக் காணலாம்.

மீட்வில்லும் சந்தையும்

புதிய வடிவத்தை நம்பி வாக்கர் 1913ஆம் ஆண்டு தம் ஊரான மீட்வில்லில் ஹூக்லெஸ் பாஸ்னர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஹோபோகனிலிருந்து வேலை அங்கே மாறியது. சண்ட்பேக்கும் அங்கு சென்று வாழ்நாளின் எஞ்சிய பகுதியில் அவ்வூருடன் இணைந்திருந்தார்.

பொருள் சரியாக அமைந்துவிட்டதால் உடனே விற்றுவிடவில்லை. பழைய கொக்கிகளால் ஏமாந்த ஆடை உற்பத்தியாளர்கள் புதியதை ஐயத்துடனேயே நோக்கினர். ஆடை ஒன்றுக்குப் பொத்தானைவிட அதிகம் செலவாகும். தையல் முறையையும் மாற்ற வேண்டும். முதல் வாய்ப்பு உலகப் போரின்போது எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சட்டைப்பை போதாத சீருடை அணிந்த கடற்படையினருக்கென விற்கப்பட்ட பணக்கச்சைகளில் ஜிப் இடம்பெற்றது. தொடர்ந்து விமானிகளின் உடைகளிலும் பயன்பட்டது. திறந்த விமானத்தில் குளிர்காற்று புகாமல் தடுக்கப் பொத்தான் வரிசையைவிட இது ஏற்றது. போருக்குப்பின் புகையிலைப் பைகள் நல்ல விற்பனையைத் தந்தன.

பெருந்திருப்பம் 1923இல் நிகழ்ந்தது. மழைக்கும் பனிக்கும் காலணியின் மேல் அணியும் ரப்பர்க் காலணிகளில் குட்ரிச் நிறுவனம் இப்பிணைப்பானைப் பொருத்தி, அக்காலணிக்கு ஜிப்பர் என்று பெயரிட்டது. இழுக்கும்போது எழும் ஒலியை ஒட்டிய பெயர் அது. காலணியின் வணிகப் பெயர் காலப்போக்கில் பிணைப்பானுக்கே ஆகிவிட்டது. தமிழில் வழங்கும் ஜிப் என்ற சொல்லும் இவ்வழியே வந்ததாகும் (ஜிப்பா என்னும் மேலாடையின் பெயர் அரபு மூலம் உடையது; இதனுடன் தொடர்பற்றது). சண்ட்பேக் தம் காப்புரிமையில் ஜிப்பர் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. அங்கே அது பிரிக்கக்கூடிய பிணைப்பான் மட்டுமே.

1930களில் குழந்தைகள் தாமே அணியும் உடைகளிலும், எல்சா சியாபரெல்லி போன்ற பாரிஸ் வடிவமைப்பாளர்களின் ஆடைகளிலும், பின்னர் ஆண்களின் காற்சட்டைகளிலும் ஜிப் இடம்பெற்றது. பொருளாதாரப் பெருமந்தத்தில் பல அமெரிக்க ஆலை நகரங்கள் வாடியபோது, மீட்வில்லில் ஜிப் ஆலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை அளித்தது. டாலன் என்ற வணிகப் பெயரால் புகழ்பெற்ற நிறுவனம் 1937இல் அப்பெயரையே தனதாக்கிக்கொண்டது. பருந்து முதலியவற்றின் கூருகிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. கொக்கியற்றது என்று தன்னைப் பழைய தோல்வியால் அடையாளப்படுத்திக்கொண்ட பெயர் அவ்வாறு மறைந்தது.

கனடாவும் பிற நாடுகளும்

அமெரிக்காவுக்கு வெளியேயான உரிமைகளில் சண்ட்பேக்குக்குத் தனிப் பங்கு இருந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் செயின்ட் கேத்தரின்ஸ் நகரில் லைட்னிங் பாஸ்னர் என்ற நிறுவனத்தை நடத்தி அதன் தலைவராக விளங்கினார். இதனால் கனடியர்கள் அவரைத் தம் நாட்டுக் கண்டுபிடிப்பாளராகவும் குறிப்பிடுவதுண்டு. அவர் வாழ்ந்ததோ மீட்வில்லில். லைட்னிங் நிறுவனம் தன் காப்புரிமைகளைக் காக்க 1930களில் போட்டி நிறுவனம் ஒன்றின்மீது தொடுத்த வழக்குகள் கனடிய உச்ச நீதிமன்றம் வரையும் இலண்டன் பிரிவி கவுன்சில் வரையும் சென்றன. கனடியக் காப்புரிமைச் சட்டம் பயில்வோர் இவ்வழக்குகளை இன்றும் எதிர்கொள்கின்றனர்.

ஐரோப்பாவில் மார்ட்டின் வின்டர்ஹால்டர் என்பவர் 1923ஆம் ஆண்டளவில் சண்ட்பேக்கின் காப்புரிமை உரிமையைப் பெற்று, பல்லின் வடிவை மாற்றி, ரிரி என்ற நிறுவனத்தை வளர்த்தார். ஜெர்மன் மொழியில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உரிய சொற்களின் முதல் அசைகளே ரிரி ஆயின. ஜப்பானில் தடாவோ யோஷிடா 1934இல் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் ஒய்கேகே என்ற பெயரில் உலகின் மிகப்பெரிய ஜிப் உற்பத்தியாளராயிற்று. தொடக்கத்தில் கைவேலையை நம்பியிருந்த அந்நிறுவனம், அமெரிக்கத் தானியங்கி இயந்திரங்களை வாங்கிய பின்னரே விரைந்து வளர்ந்தது; பின்னர் தனக்கு வேண்டிய இயந்திரங்களைத் தானே செய்துகொண்டது. ஜிப்பைவிட ஜிப் செய்யும் இயந்திரமே பெருஞ்சொத்து என்பதை மீட்வில்லுக்கு அடுத்து நன்கு உணர்ந்தவர்கள் அவர்களே. டாலன் 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இப்போட்டியில் பின்தங்கியது. மீட்வில்லின் ஆலைகளும் மூடப்பட்டன.

பிற்காலம்

1951ஆம் ஆண்டு சுவீடனின் அரச பொறியியல் அறிவியற்கழகம் சண்ட்பேக்குக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அமெரிக்காவுக்குச் சென்று 46 ஆண்டுகளுக்குப் பின் தாய்நாடு அளித்த சிறப்பு அது. ஜூன் 21, 1954 அன்று மீட்வில்லில் இதயநோயால் காலமானார். அப்போது வயது 74.

2006இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்க்கூடத்தில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது. ஏப்ரல் 24, 2012 அன்று, இவரது 132ஆவது பிறந்தநாளில், கூகுள் தன் முகப்புப் பக்கத்தை ஒரு பெரிய ஜிப்பால் மூடி வைத்திருந்தது. அதை இழுத்தால் பக்கம் இரண்டாகப் பிரிந்து இவரைப் பற்றிய தேடல் முடிவுகள் திறந்தன.